புதிய பாம்பின் முதல் மூன்று மாதம்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையில் சிறிது தூரம் போனால் சேலையூர். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் பேக்கரிகளும் பள்ளிப் பேருந்துகளும்தான் கண்ணில் படும். 1960களின் இறுதியில் அது ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமம். ராமுலஸ் விட்டேகர் என்ற இளைஞர் அங்கேதான் தன் முதல் பாம்புப் பண்ணையை அமைத்தார். நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியா வந்து, கொடைக்கானல் பள்ளி விடுதியில் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வளர்த்தவர் அவர். பிறகு அமெரிக்காவில் மயாமி பாம்புக் காட்சியகத்தில் வேலை பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்து சேர்ந்தார். சேலையூர்ப் பண்ணை 1972இல் கிண்டிக்கு இடம் மாறியது. பள்ளிச் சுற்றுலாவில் நம்மில் பலர் பார்த்த கிண்டி பாம்புப் பண்ணையின் வேர் தாம்பரத்தில் இருக்கிறது.

சேலையூரில் பண்ணை அமைந்ததற்குக் காரணம் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்தின் இருளர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் பாம்பு பிடித்தார்கள். வரப்பில் கிடக்கும் எச்சம், எலி வளை வாயில் வழுவழுப்பாகத் தேய்ந்த மண், உரித்துப் போட்ட சட்டை ஆகியவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுவார்கள். அன்று பிடித்த பாம்பெல்லாம் தோலுக்குப் போனது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இன்றும் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் அங்கே விஷம் எடுக்கிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

அங்கே பாம்பு வைக்கும் முறையைப் பாம்பு வளர்க்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மண்பானை. அடியில் மணல். வாயில் துணி கட்டு. கண்ணாடிப் பெட்டி இல்லை, அலங்கார விளக்கு இல்லை. சுமார் மூன்று வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். சற்று முன்பு பிடிபட்ட, மிரண்டுபோன ஒரு விலங்குக்கு என்ன வேண்டும் என்பதற்கு அந்தப் பானை சரியான பதில் வைத்திருக்கிறது: இருட்டு, உடம்பைத் தொட்டபடி சுவர், வெயிலில் சட்டென்று சூடேறாத மண், மனித முகம் தெரியாத மறைவு. புதிதாக வரும் பாம்பை வீட்டில் எப்படிப் பழக்குவது என்று பேசப்போகும் இந்த அத்தியாயத்துக்கு அதுதான் முதல் பாடம்.

ஆனால் எந்தப் பாம்பை? தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர்ப் பக்கம் வாழ்பவருக்கு இந்தக் கேள்வி வாசலுக்கே வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் வரதராஜபுரம் மூழ்கும்போது தண்ணீர்ப் பாம்பும் சாரையும் படியேறி வருகின்றன. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளை ஒட்டிய தெருக்களில் நல்ல பாம்பு அபூர்வம் அல்ல. சாரைக் குட்டியைப் பிடித்துத் தொட்டியில் போட்டு வளர்க்கலாமே என்று பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. வளர்க்கக் கூடாது. நம் மண்ணின் பாம்புகளைச் சட்டம் காக்கிறது. மலைப்பாம்பு போல முதல் அட்டவணையில் உள்ளவற்றை வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசும் கும்பல்கள் இன்னும் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. புதையல் காட்டும், நோய் தீர்க்கும் என்ற கதைக்காகப் பையில் அடைபட்டுச் சாகும் அந்த அப்பாவி விலங்கை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். அதைப் பார்த்து, படம் எடுத்து, தேதியும் இடமும் குறித்து வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பத்து ஆண்டு தொடர்ந்து எழுதினால் சேலையூர் ஏரிக்கரையின் பாம்புகளைப் பற்றி ஒரு நல்ல ஆவணம் கிடைக்கும்.

சட்டப்படி வீட்டில் வளர்க்கக்கூடியவை அயல்நாட்டு இனங்கள். அவற்றில் அதிகம் விற்பது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். அஞ்சினால் தலையை உள்ளே வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. அப்படிப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022இன் சட்டத் திருத்தம் சொல்கிறது. 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகள் வந்தன, பதிவு பரிவேஷ் இணையதளத்தில் நடக்கிறது. கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவின் கார்ன் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் எந்த விலங்கையும் உயிரோடு இறக்குமதி செய்ய உரிமமும் சுகாதார அனுமதியும் தேவை.

காகிதத்தைக் கேட்பது வெறும் சட்டப் பயத்தால் அல்ல. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து மீனம்பாக்கம் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புகள். அப்படி வரும் பாம்பு நீர் வற்றி, சூட்டில் வெந்து, வேறு இனங்களோடு நெருக்கியடித்துப் பயணம் செய்தது. எங்கே பிறந்தது, கடைசியாக எப்போது தின்றது, எந்த நோய் பார்த்தது என்று சொல்ல யாரும் இல்லை. வளர்ப்பவரிடம் பிறந்த பாம்புக்கு இவை எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இரை எடுத்த தேதிப் பட்டியல் கையில் இல்லாத விற்பனையாளரிடம் பாம்பு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, முறையான பாம்பு ஒன்று வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டி தயாராகி, வெப்பமானி உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை, இடம் மாறித்தான் பெறுகிறது. அதனால் பெட்டிக்குள் இரண்டு வானிலை தேவை. பால் பைத்தானுக்கு ஒரு முனையில் 31, 32 டிகிரி, மறுமுனையில் 25, 26. வெளிநாட்டுக் கையேடுகள் சூட்டை எப்படிக் கூட்டுவது என்றே பக்கம் பக்கமாக எழுதும். தாம்பரத்தில் பிரச்சினை தலைகீழ். மே மாதத்தில் வெயில் 40ஐத் தாண்டும், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும். அந்த அறையில் பெட்டியின் குளிர்ந்த முனையே 35 டிகிரி ஆகிவிட்டால் பாம்புக்குத் தப்பிக்க இடமில்லை. கீழ்த்தளம், வடக்கு அறை, நேர் வெயில் படாத உட்சுவர் என்று முதலில் வீட்டுக்குள் இடம் தேட வேண்டும். அப்படி இடம் இல்லாத வீட்டில் பாம்பு வேண்டாம்.

மறைவிடமும் இரண்டு: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றுதான் இருந்தால் பாதுகாப்பா, சரியான சூடா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டி வரும். பெரும்பாலும் அது பாதுகாப்பையே தேர்ந்து, சூடு போதாமல் செரிமானம் கெட்டுப் படுத்துக்கிடக்கும். மறைவிடம் சுருண்ட உடம்பின் அளவுக்கே இருக்க வேண்டும், முதுகும் பக்கமும் சுவரில் படவேண்டும். பால் பைத்தான் தன் நாட்டில் பகலைக் கழிப்பது கைவிடப்பட்ட எலி வளையிலும் கறையான் புற்றிலும். விசாலமான, நாலாபுறமும் கண்ணாடியுள்ள தொட்டி நமக்கு அழகு, அதற்கு வெட்டவெளி. முதல் சில வாரங்களுக்கு மூன்று பக்கமும் காகிதம் ஒட்டிவிடுவது நல்லது.

பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயோ, தண்ணீர் மோட்டார் சுவருக்கு அருகிலோ வைக்காதீர்கள். பாம்புக்குக் காது கேட்காது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை என்பது உண்மை. உட்காது இருக்கிறது, மண்டையோட்டின் அதிர்வு அதை எட்டுகிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில் பால் பைத்தான் 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை நன்றாக உணர்வது தெரிந்தது. மோட்டாரின் உறுமல் அந்தப் பக்கத்தில்தான் வருகிறது.

பாம்பு வந்த அன்று அதைப் பெட்டியில் விட்டு, தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள், மாமா வீடியோ எடுக்கக் கேட்பார். ஒரு வாரத்துக்கு யாரும் தொடக்கூடாது, இரையும் தரக்கூடாது. தண்ணீர் மாற்றுவதும் அசுத்தம் எடுப்பதும் மட்டும். ஒரு வாரம் கழித்து முதல் இரை, பாம்பின் உடம்பு மிகப் பருத்த இடத்தின் அளவுக்கு மிகாமல். தொடர்ந்து இரண்டு மூன்று முறை மறுக்காமல் தின்ற பிறகுதான் கையில் எடுப்பது, அதுவும் சில நிமிடம்.

தின்றவுடன் தொடக்கூடாது என்பதற்குப் பின்னால் உயிரியலின் அதிசயங்களில் ஒன்று இருக்கிறது. பட்டினியில் இருக்கும் மலைப்பாம்பு தன் குடலைச் சுருக்கி வைத்திருக்கிறது, வேலை இல்லாத உறுப்புக்கு எரிபொருள் தருவதில்லை. இரை உள்ளே போன ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது, உடலின் ஆற்றல் செலவு பல மடங்கு எகிறுகிறது. ஸ்டீபன் செகாரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளில் இதை விரிவாகக் காட்டினார்கள். 2005இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போய், தின்ற 48 மணி நேரத்தில் இதயத் தசையே 40 சதவீதம் பெருப்பதைக் கண்டார்கள். உள்ளே இப்படி ஒரு கட்டுமானம் நடக்கும்போது வெளியே தூக்கி விளையாடினால் பாம்பு இரையைக் கக்கிவிடும். அது வெறும் வாந்தி அல்ல. வயிற்று அமிலத்தோடு வெளியேறும் இரை உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது, கட்டியெழுப்பிய உறுப்புகளின் செலவு முழுவதும் வீணாகிறது. கக்கிய பாம்புக்கு இரண்டு வார ஓய்வும், அடுத்த முறை மிகச் சிறிய இரையும் தர வேண்டும்.

தின்ன மறுத்தால்? பதற வேண்டாம். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், எடை குறையாதவரை ஆபத்தில்லை. ஒரு சமையலறைத் தராசும் ஒரு நோட்டும் போதும். வாராவாரம் எடை போட்டு, பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கண் பால்நிறமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். அந்த நாட்களில் பார்வையும் மங்கல், பசியும் இல்லை. இரைக்குக் கடையில் உறைந்து விற்கும் எலியை வாங்கி, உருக்கி, வெதுவெதுப்பாக்கித் தர வேண்டும். வீட்டில் பொறியில் விழுந்த எலியை ஒருபோதும் தராதீர்கள். நம் தெருக்களில் எலி மருந்து வைக்காத வீடு குறைவு, அந்த விஷம் எலியோடு பாம்புக்குள் போகும்.

இனி இரண்டாவது பாம்பு. சேகரிப்பு என்ற சொல் இங்கேதான் தொடங்குகிறது, பெரும்பாலான துன்பங்களும் இங்கேதான் தொடங்குகின்றன. புதிதாக வரும் பாம்பு பழைய பாம்பின் அறைக்குள் நுழையக்கூடாது. வேறு அறை, வேறு தண்ணீர்க் கிண்ணம், வேறு இடுக்கி. தினமும் பழைய பாம்பைப் பார்த்து முடித்த பிறகுதான் புதியதைப் பார்க்க வேண்டும், வரிசை மாறக்கூடாது. பெட்டியின் தரையில் வெள்ளைக் காகிதம் மட்டும். மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உண்ணி. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறிக்கிடந்தாலும் அதே சந்தேகம்தான். பாம்பு உண்ணி நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் வயதுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடுகிறது. ஒரு மாதம் தனிமை போதும் என்று எண்ணுபவர் ஒரு தலைமுறையைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தவறவிடுவார். அதனால்தான் புதிய பாம்புக்கு 90 நாள் தனிமை.

இதைவிட ஆழமான காரணமும் உண்டு. மலைப்பாம்புகளும் போவா பாம்புகளும் தலை நடுங்கி, தள்ளாடி, நிமிர்ந்து மேலே வெறித்தபடி சாகும் ஒரு நோய் பல பத்தாண்டுகளாக விலங்குக் காட்சியகங்களைக் கலங்கடித்தது. செல்களுக்குள் விசித்திரத் திரள்கள் தெரிவதால் உள்திரள் நோய் என்று அதற்குப் பெயர் இருந்தது, காரணம் தெரியவில்லை. 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் நோயுற்ற பாம்புகளின் மரபுப் பொருளை வரிசைப்படுத்தி, அதுவரை யாரும் ஊர்வனவற்றில் காணாத ஓர் அரீனா வைரஸைக் கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோ வைரஸ் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டுக்கும் மருந்தில்லை. போவா பாம்பு அரீனா வைரஸை நெடுநாள் நோய்க்குறி இல்லாமல் சுமக்கும். அதே வைரஸ் பக்கத்துப் பெட்டியின் மலைப்பாம்பைச் சில வாரங்களில் கொன்றுவிடக்கூடும். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாக்கியத்தை நம்பிச் சேகரிப்புகள் மொத்தமாக அழிந்திருக்கின்றன. தனிமைக் காலத்தில் வாய், தொண்டைத் தடவல் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப மருத்துவரிடம் கேட்கலாம். கைகழுவுவதும் இதில் சேரும். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா சாதாரணமாக இருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல.

சேகரிப்பு எவ்வளவு வளரலாம்? நம் பக்கத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. சேலையூரில் தொடங்கிய அதே விட்டேகரும் துணைவர்களும் 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை அமைத்தார்கள். அழிவின் விளிம்பில் நின்ற இந்திய முதலைகளைப் பெருக்கிக் காட்டில் விடுவது நோக்கம். பெருக்குவதில் மிகப் பெரிய வெற்றி. ஆனால் விடுவதற்கான ஆறுகளும் ஏரிகளும் தீர்ந்துபோயின, இனப்பெருக்கத்தைத் தடுக்க வேண்டிய நிலை வந்தது. 2022இல் ஆயிரம் சதுப்பு முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் ஏற்பாடு செய்தியானது. உலகத்தரமான அறிவும், நிலமும், ஆட்களும் உள்ள நிறுவனத்துக்கே எண்ணிக்கை இடத்தை முந்தியது என்றால், இரண்டு படுக்கையறை வீட்டில் இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர் முட்டையிடுவதற்கு முன்பே குட்டிகளின் இருப்பிடத்தைக் கணக்கிட வேண்டும்.

ஆண் பாம்பு இல்லையென்றால் கவலையில்லை என்பதும் தவறு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 2020 ஜூலையில் ஒரு பால் பைத்தான் ஏழு முட்டை இட்டது. குறைந்தது 62 வயது. இருபது ஆண்டுக்கு மேலாக அது ஆண் பாம்பின் பக்கமே போகவில்லை. பாம்புகள் விந்தை நெடுங்காலம் சேமித்து வைக்கும், சில சமயம் ஆணே இல்லாமல் இனம் பெருக்கும். அந்தப் பாம்பைக் காட்சியகம் 1961இல் ஒரு தனிநபரிடமிருந்து பெற்றது என்பது எனக்கு முட்டையைவிட முக்கியமாகப் படுகிறது. வாங்கியவரின் வீட்டில் தொடங்கிய வாழ்க்கை, வேறு ஒரு கூரையின் கீழ் அறுபது ஆண்டு ஓடியிருக்கிறது.

வேண்டாம் என்று ஆன பாம்பை ஏரிக்கரையில் விட்டுவிடுவதற்கு என்ன விலை என்பதை ஃபுளோரிடா காட்டுகிறது. செல்லப்பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2012இல் வெளியான ஆய்வின்படி, அங்கே சாலையோரம் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. ஆசியாவிலிருந்து அந்தப் பாம்புகளின் நுரையீரலில் வந்த ஓர் ஒட்டுண்ணி ஃபுளோரிடாவின் சொந்தப் பாம்புகளுக்கும் தாவியது. நாய்களும் பொறிகளும் பெரிதாகப் பலனளிக்காத நிலையில், 2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செங்கல்பட்டு வட்டாரத்தின் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தது. மொழியும் நிலமும் புதிது, பாம்பும் அவர்கள் காட்டில் இல்லாத இனம். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள், அவற்றில் ஒன்று 16 அடிப் பெண். எச்சத்தையும் தேய்ந்த மண்ணையும் படிக்கும் அதே இருளர் கண்தான் அங்கும் வேலை செய்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கரணைச் சதுப்பும் சேலையூர் ஏரியும் எவர்கிளேட்ஸைவிடச் சிறியவை, வெப்பமும் நீரும் எலியும் மட்டும் குறைவில்லாமல் இருக்கின்றன.

ஆகவே இரண்டாவது பாம்புக்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்திருங்கள். முதல் பாம்பு ஓராண்டு முழுதும், கோடையும் மழையும் சேர்த்து, எடை குறையாமல் இருந்ததா? 90 நாள் தனிமைக்குத் தனி அறை உண்டா? நீங்கள் வெளியூரில் வேலைக்குப் போனாலோ, படுத்துவிட்டாலோ, இந்தப் பாம்புகளைச் சட்டப்படி தன் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொள்ளப்போவது யார்? மூன்றாவது கேள்விக்கு ஓர் உறவினர் பெயரை மனதில் நினைத்துக்கொண்டால் போதாது. அவரிடம் போய்ப் பேசி, பெட்டியைத் திறந்து காட்டி, இரை கொடுக்கவும் எடை போடவும் அவர் கையால் செய்ய வைத்து, சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் கிடைத்த பிறகு அடுத்த பெட்டிக்கு அளவெடுக்கலாம்.